டாஷ்போர்டுக்கு வாய் முளைத்தால்

ஜனவரி மாதக் கடைசி வாரம். நான் அப்போது இருந்த டீமில், டெவலப்மென்ட் அளவீடுகளைச் சேர்த்துவைக்கும் தளத்தோடு, கேள்வி கேட்டால் தானே தகவல் தேடிப் பதில் சொல்லும் ஓர் ஏஐ ஏஜென்ட்டை இணைத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மேனேஜர் ஆசையாகக் கேட்டார்: "இந்த மாதம் டெப்ளாய்மென்ட் எப்படிப் போயிருக்கிறது?" ஏஜென்ட் சொன்னது: முதல் பத்து நாளில் ஆறு முறை டெப்ளாய் (புது மாற்றத்தை வாடிக்கையாளர் பயன்பாட்டுக்கு ஏற்றுவது) ஆகியிருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை, பொங்கல் விடுமுறைக்குப் பலர் ஊருக்குப் போயிருப்பதால் வேலை தணிந்திருக்கலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மேனேஜரும் தலையாட்டிவிட்டார். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் மட்டும், "சார், போன வியாழக்கிழமைகூட நான்தானே ரிலீஸ் பண்ணினேன்?" என்றான்.

தோண்டிப் பார்த்ததில் விஷயம் இதுதான். மாற்றங்களைத் தானாகச் சோதித்து ஏற்றுகிற பைப்லைனில் 'டெப்ளாய்-ப்ராட்' என்றிருந்த ஜாப்பின் பெயரை 11ஆம் தேதி யாரோ 'ரிலீஸ்-ப்ராட்' என்று மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தளத்துக்கோ, பெயரில் 'டெப்ளாய்' என்ற சொல் இருந்தால்தான் அது டெப்ளாய்மென்ட். சொல் போனது, கணக்கும் போனது. டாஷ்போர்டிலும் அதே பூஜ்யம்தான் இருந்தது. ஆனால் டாஷ்போர்டில் கோடு திடீரென்று தரையில் படுத்திருப்பதைப் பார்த்தால் எவருக்கும் முதலில் தோன்றுவது, எங்கோ ஒயர் கழன்றிருக்கிறது என்பதுதான். ஏஜென்ட் அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு கதை சொல்லிவிட்டது. கதை பொருத்தமாக இருந்ததால் யாரும் ஒயரைத் தேடவில்லை.

இந்த மாதிரி இணைப்பில் செருகுவது சுலபம், செருகிய பிறகு வருகிற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லிவைப்பதுதான் பாடு. பெரும்பாலான வழிகாட்டிகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.

முதலில் இந்தத் தளங்கள் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடலாம். ஒரு சாஃப்ட்வேர் டீமின் வேலை பல இடங்களில் சிதறிக் கிடக்கும். எழுதிய நிரல், அதாவது கோடு, கிட்ஹப்பிலோ கிட்லேபிலோ, வேலைச்சீட்டுகள் ஜிராவில், பில்ட் ஜென்கின்ஸில், நடுராத்திரிக் கோளாறுகள் பேஜர்டியூட்டியில். இதையெல்லாம் ஒரே இடத்துக்கு இழுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, 'ஒரு மாற்றம் எழுதப்பட்டதிலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போக எத்தனை நாள் ஆகிறது' என்ற மாதிரிக் கேள்விகளுக்கு எண் கொடுப்பவை இவை. லீனியர்பி, ஜெல்லிஃபிஷ், ஸ்வார்மியா எல்லாம் விலைக்குக் கிடைப்பவை. அப்பாச்சி டெவ்லேக் இலவசம். மெரிகோ என்ற நிறுவனம் அதைத் தொடங்கி, 2022இல் அப்பாச்சி அறக்கட்டளையின் புதுத் திட்டங்களுக்கான இன்குபேட்டருக்குக் கொடுத்தது. அதன் உள்கட்டமைப்பு திறந்தே இருப்பதால் இந்தக் கட்டுரைக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

இத்துறையில் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: டிஎக்ஸ் என்ற நிறுவனத்தைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அட்லாசியன் 2025 செப்டம்பரில் அறிவித்தது. காரணம் புரியாமலில்லை. பல நிறுவனங்கள் ஏஐ கோடிங் கருவிகளுக்குப் பணம் கட்டுகின்றன, பலன் உண்டா என்று நிதிப்பிரிவு கேட்கிறது. டெவலப்பரைக் கேட்டால் 'வேகமாகத்தான் இருக்கிறது' என்பார். அந்த உணர்வை நம்ப முடியாது என்பதை 2025 ஜூலையில் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு காட்டியது. அனுபவமுள்ள 16 ஓபன் சோர்ஸ் டெவலப்பர்கள், 246 வேலைகள். ஏஐ கருவியோடு செய்தபோது நேரம் 19 சதவீதம் கூடியிருந்தது. முடித்த பிறகும் அவர்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், தங்களுக்கு அத்துப்படியான பழைய ரெப்போக்களில் (கோடு சேமிக்கும் களஞ்சியங்களில்) வேலை செய்தவர்களைப் பற்றியது. எல்லாருக்கும் பொருத்திவிட முடியாது. ஆனாலும் 'எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்பதற்கும் கடிகாரத்துக்கும் இடையில் இத்தனை தூரம் இருந்தால், கடிகாரத்தைக் கேட்கத்தான் தோன்றும்.

என்ன அளப்பது என்பதில் இன்று பெரும்பாலான தளங்களுக்கு அடித்தளம் டோரா அளவீடுகள். நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் ஆகியோர் தொடங்கிய ஆய்வுக் குழுவின் பெயர்தான் டோரா. 2018 கடைசியில் கூகுள் வாங்கிக்கொண்டது. எத்தனை அடிக்கடி டெப்ளாய் செய்கிறீர்கள், ஒரு மாற்றம் போய்ச் சேர எவ்வளவு நேரம் (லீட் டைம்), டெப்ளாய் செய்ததில் எத்தனை உடைகின்றன, உடைந்தால் சரிசெய்ய எவ்வளவு நேரம். இந்த நான்கும்தான் மூலம். நான்குமே டீமையும் அதன் வேலைமுறையையும் அளப்பவை, தனியாளை அளப்பவை அல்ல. இந்த வேறுபாடு கடைசியில் மறுபடி வரும்.

சரி, இணைப்புக்கு வருவோம்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்ற பொது நெறிமுறைதான் இப்போது பரவலான வழி. அடுத்த சில மாதங்களில் ஓப்பன்ஏஐயும் கூகுளும் ஏற்றுக்கொண்டன. அதற்கு முன்பு ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாகப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. இப்போது தளத்தின் பக்கம் ஒரு எம்.சி.பி. சர்வர் இருந்தால் போதும், எந்த ஏஜென்ட்டும் வந்து பேசலாம்.

பேச்சு எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால் மர்மம் ஒன்றும் இல்லை. ஏஜென்ட் முதலில் சர்வரிடம் 'உன்னிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன?' என்று கேட்கிறது. சர்வர் ஒரு பட்டியல் தருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற அமைப்பு. நீங்கள் 'போன மாதம் பேமென்ட்ஸ் டீமின் லீட் டைம் என்ன?' என்று கேட்டதும், ஏஜென்ட்டுக்குள் இருக்கும் மொழி மாடல் அந்த விளக்கங்களைப் படித்துப் பொருத்தமான கருவியைத் தேர்ந்தெடுத்து, டீம் பெயரையும் தேதிகளையும் நிரப்பி ஜேசன் என்ற எழுத்து வடிவில் ஒரு செய்தியாக அனுப்புகிறது. சர்வர் தளத்தில் வினவி, விடையை எழுத்தாகத் திருப்பித் தருகிறது. மாடல் அந்த எழுத்தைப் படித்து உங்களுக்குப் பதில் எழுதுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது: மாடல் உங்கள் டேட்டாபேஸைப் பார்ப்பதே இல்லை. கருவியின் விளக்கமாக நீங்கள் எழுதிவைத்த சில வரியும், சர்வர் திருப்பித் தந்த எழுத்தும்தான் அதன் உலகம். விளக்கத்தில் 'லீட் டைமைத் தரும்' என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தச் சொல்லுக்கு இணையத்தில் படித்த ஏதோ ஓர் அர்த்தத்தை அது வைத்துக்கொள்ளும். உங்கள் தளத்தின் அர்த்தம் வேறாக இருந்தாலும் அதற்குத் தெரிய வழியில்லை.

டெவ்லேக்கில் இது எப்படி என்று பாருங்கள். அது தகவலை மூன்று அடுக்காக வைக்கிறது. கிட்ஹப்பிலிருந்து வந்ததை வந்தபடியே ஓர் அடுக்கில், கருவிவாரியாகப் பிரித்து இரண்டாவதில், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான வடிவத்தில் மூன்றாவதில். மூன்றாவது அடுக்கில் புல் ரெக்வெஸ்ட் (சுருக்கமாக பி.ஆர்., 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று டெவலப்பர் வைக்கும் கோரிக்கை) ஒவ்வொன்றின் கால அளவும் இருக்கிற ஓர் அட்டவணை உண்டு. முதல் கமிட்டிலிருந்து, அதாவது கோடு மாற்றத்தின் முதல் பதிவிலிருந்து, பி.ஆர். திறக்கும்வரை ஒரு நேரம், திறந்ததிலிருந்து யாராவது ரிவ்யூ செய்ய முதலில் எட்டிப்பார்க்கும்வரை ஒன்று, அங்கிருந்து மெர்ஜ் (பொதுக் கோடோடு சேர்ப்பது) வரை ஒன்று, மெர்ஜிலிருந்து டெப்ளாய் வரை ஒன்று, எல்லாம் சேர்ந்த மொத்தம் ஒன்று. எல்லாமே நிமிடத்தில். ஆனால் பத்தியின் பெயரில் நிமிடம் என்று எங்கும் இல்லை. 2,880 என்ற எண் வந்தால் அது இரண்டு நாள். ஏஜென்ட் அதை மணிநேரம் என்று எடுத்துக்கொண்டால் நான்கு மாதம். 'உங்கள் டீமில் ரிவ்யூவுக்கே நான்கு மாதம் ஆகிறது' என்று அது மிகுந்த மரியாதையோடு வருத்தம் தெரிவிக்கும்.

அதே அட்டவணையில் இன்னொரு பொறி, சராசரி. ஐந்து பி.ஆர்.கள் முறையே 3, 4, 5, 6, 200 மணி நேரம் எடுத்தன என்று வையுங்கள். கடைசியானது யாரோ திறந்துவைத்துவிட்டு லீவில் போனது. சராசரி 43.6 மணி, இடைநிலை (வரிசையில் நடுவில் நிற்கும் எண்) 5 மணி. 'எவ்வளவு நேரம் ஆகிறது' என்று கேட்டால் மாடல் தன்னிச்சையாகச் சராசரிக்குப் போக வாய்ப்பு அதிகம். டெவ்லேக்கின் டோரா டாஷ்போர்டோ இடைநிலையைக் காட்டுகிறது. ஒரே கேள்விக்கு இரண்டு திரையில் இரண்டு பதில். அப்புறம் இரண்டையும் யாரும் நம்பமாட்டார்கள்.

நேரக் கணக்கும் இப்படித்தான். 'போன வாரம்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். தளம் உலகப் பொது நேரத்தில் சேமித்திருக்கும். திங்கட்கிழமை விடியற்காலை 4 மணிக்கு இங்கே மெர்ஜ் செய்தது, அங்கே ஞாயிறு இரவு பத்தரை. வாரமே மாறிவிடும். அதோடு, தளம் தகவலை நொடிக்கு நொடி இழுப்பதில்லை. குறித்துவைத்த நேரத்தில், பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் இழுக்கும். காலையில் மெர்ஜ் செய்ததை மத்தியானம் கேட்டால் ஏஜென்ட் 'இன்று ஒன்றும் மெர்ஜ் ஆகவில்லை' என்று அடித்துச் சொல்லும். சர்வர் ஒவ்வொரு பதிலோடும் 'கடைசியாகத் தகவல் வந்தது இத்தனை மணிக்கு' என்ற ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினால் இந்தப் பிழை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒரே ஒரு வரி. நான் பார்த்த பல சர்வர்களில் அது இல்லை.

இணைப்பவர்கள் எல்லாரும் வந்து நிற்கிற ஒரு முச்சந்தி உண்டு. ஏஜென்ட்டுக்கு நேரடியாக டேட்டாபேஸின் வினவல் மொழியான எஸ்.க்யூ.எல். எழுதும் உரிமையைக் கொடுப்பதா, 'லீட் டைம் எடு', 'டெப்ளாய்மென்ட் எண்ணிக்கை எடு' என்று நாலைந்து குறுகிய கருவிகளை மட்டும் கொடுப்பதா?

எஸ்.க்யூ.எல். கொடுத்தால் முதல் நாள் பிரமிப்பாக இருக்கும். எதைக் கேட்டாலும் ஒரு வினவல் எழுதி விடை கொண்டுவரும். இரண்டாவது வாரம் தெரியும், ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டால் இரண்டு விதமாக வினவல் எழுதுகிறது என்று. ஒருமுறை டிபெண்டபாட் மாதிரித் தானியங்கிகள் திறந்த பி.ஆர்.களைச் சேர்த்து, இன்னொருமுறை விட்டு. ஒருமுறை மெர்ஜ் தேதியை வைத்து, இன்னொருமுறை திறந்த தேதியை வைத்து. எதுவும் தப்பில்லை, எதுவும் ஒன்றல்ல. ஒரு டீமில் இது போன்ற வரையறைகளை உட்கார்ந்து சண்டைபோட்டு முடிவுசெய்ய மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அந்த முடிவு எங்கேயாவது கோடாக எழுதப்பட்டிருந்தால்தான் உயிரோடு இருக்கும். குறுகிய கருவி என்பது அப்படி எழுதிவைத்த முடிவு. அதனால் என் சார்பு குறுகிய கருவிகள் பக்கம். சலிப்பூட்டுகிற பதில்தான், ஆனால் திங்களும் வெள்ளியும் அதே பதில். கணக்கையும் சர்வர்தான் போட வேண்டும். 400 பி.ஆர். வரிகளைக் கொட்டி 'நீயே இடைநிலை கண்டுபிடி' என்று மாடலிடம் விட்டால், அது கண்டுபிடித்ததாகச் சொல்லும். சரிபார்க்க நீங்கள்தான் உட்கார வேண்டும்.

டேட்டாவை ஆராய்வதற்கென்றே இருக்கிற இரண்டு மூன்று பேருக்கு எஸ்.க்யூ.எல். வைத்துக்கொள்ளலாம். அப்போதும் படிக்க மட்டும் உரிமையுள்ள டேட்டாபேஸ் கணக்கைக் கொடுக்க வேண்டும். எம்.சி.பி.யில் ஒரு கருவியை 'இது படிக்க மட்டும்' என்று குறித்துவைக்க வழி இருக்கிறது. அது குறிப்புதான், பூட்டு அல்ல. பூட்டு டேட்டாபேஸில்தான் போட முடியும்.

பூட்டு என்று வந்ததால் பாதுகாப்பையும் பேசிவிடலாம். 'வெறும் எண்கள்தானே, இதில் என்ன ஆபத்து' என்று பலர் நினைக்கிறார்கள். எண்களோடு பி.ஆர். தலைப்பும், வேலைச்சீட்டின் விவரமும், கமென்ட்டும் சேர்ந்தே வருகின்றன. பொது ரெப்போ என்றால் அதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். மாடலுக்கு நீங்கள் எழுதியதும் அந்த அந்நியர் எழுதியதும் ஒரே தாளில்தான் வந்து சேர்கின்றன. 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற குழு இதைச் செய்தே காட்டியது: பொது ரெப்போவில் ஓர் இஷ்யூ (புகார்ப் பதிவு) திறந்து, அதற்குள் ஏஜென்ட்டுக்கான கட்டளையை எழுதிவைத்தார்கள். கிட்ஹப் எம்.சி.பி. சர்வரோடு இணைந்திருந்த ஏஜென்ட்டிடம் உரிமையாளர் 'இஷ்யூக்களைப் பார்' என்று சொல்ல, அது அந்தக் கட்டளையைப் படித்து, அவருடைய தனி ரெப்போவில் இருந்த தகவலைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்து போட்டது. சர்வரின் கோடில் ஓட்டை எதுவும் இல்லை. எல்லாம் அதனதன் வேலையைத்தான் செய்தது.

டெவலப்பரும் வலைப்பதிவருமான சைமன் வில்லிசன் இதற்கு அடுத்த மாதம் ஒரு வாய்ப்பாடு சொன்னார். ரகசியத் தகவலைப் பார்க்கும் உரிமை, அந்நியர் எழுதியதைப் படிப்பது, வெளியே தகவல் அனுப்பும் வழி. மூன்றும் ஓர் ஏஜென்ட்டிடம் சேர்ந்தால் திருட்டுக்குக் கதவு திறந்த மாதிரி. அளவீட்டுத் தளத்தில் முதல் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. 'அறிக்கையை அப்படியே ஸ்லாக்கில் போட்டுவிடு' என்று மூன்றாவதையும் நாமே வசதிக்காகச் சேர்த்துக்கொடுக்கிறோம். லீட் டைம் கேட்கிற கருவி, பி.ஆர். தலைப்பைத் திருப்பித் தரவே வேண்டியதில்லை. எண்ணை மட்டும் தந்தால் போதும். இதுவும் குறுகிய கருவிக்கு ஒரு காரணம்.

தளத்துக்குள் நுழைவதற்கான சாவியான டோக்கன் விஷயத்தில் நான் பார்த்த வழக்கமான சோம்பேறித்தனம் ஒன்று: அட்மின் ஒருவரின் டோக்கனை சர்வரில் வைத்துவிட்டு, அலுவலகம் முழுவதற்கும் திறந்துவிடுவது. டாஷ்போர்டில் தன் டீமை மட்டும் பார்க்க அனுமதி பெற்றவர், ஏஜென்ட் வழியாக எல்லா டீமையும் பார்த்துவிடுவார். கேட்பவர் யாரோ அவருடைய அனுமதியிலேயே வினவல் போக வேண்டும். எம்.சி.பி.யில் அதற்கென்று, கேட்பவரின் அனுமதியைப் பெற்று நுழையும் ஓஆத் என்ற வழி உண்டு. அமைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இனி அந்த வேறுபாடு, டீமா தனியாளா.

அளவீட்டின் சரித்திரம் தமாஷும் வேதனையும் கலந்தது. 1982இல் ஆப்பிளின் லிசா கணினியை உருவாக்கிய டீமில், இந்த வாரம் எத்தனை வரி கோடு எழுதினீர்கள் என்று எல்லாரும் படிவம் நிரப்ப வேண்டும் என்று மேலாளர்கள் உத்தரவு போட்டார்கள். அந்த டீமின் புரோகிராமர் பில் அட்கின்சன் அந்த வாரம்தான், திரையில் படம் வரையும் குவிக்டிரா நிரலின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, பலமடங்கு வேகமாக்கி, கோடையும் சுருக்கியிருந்தார். படிவத்தில் கழித்தல் 2,000 என்று எழுதிக்கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்களாம். 2023இல் மெக்கின்சி நிறுவனம் டெவலப்பர் உற்பத்தித்திறனை அளக்க முடியும் என்று கட்டுரை போட்டபோது, சாஃப்ட்வேர் துறையில் எழுதிவரும் கென்ட் பெக்கும் கெர்கெலி ஒரோஸும் நீண்ட மறுப்பு எழுதினார்கள். நாற்பது வருடத்தில் படிவம் மாறியிருக்கிறது, சண்டை அதேதான்.

ஏஜென்ட் வந்ததில் புதிதாக ஒன்று நடந்திருக்கிறது. முன்பு 'யார் ரொம்ப மெதுவாக ரிவ்யூ செய்கிறார்?' என்று ஒரு மேனேஜருக்குத் தோன்றினாலும், அதற்கான அட்டவணையைத் தேடி, வினவல் எழுதத் தெரிந்தவரைப் பிடித்து, அவர் 'எதுக்கு சார்?' என்று கேட்கும் பார்வையையும் தாங்க வேண்டியிருந்தது. அந்தச் சின்னத் தடையே பல தப்பான கேள்விகளைத் தடுத்தது. இப்போது டீ குடித்துக்கொண்டே ஒரு வாக்கியம் தட்டினால் போதும். பெயரோடு பட்டியல் வந்துவிடும், கூடவே 'இவருக்குப் பயிற்சி தேவைப்படலாம்' என்று ஆலோசனையும். அந்த ஆள் டீமில் மிகக் கடினமான ரிவ்யூக்களை மட்டும் எடுப்பவராக இருக்கலாம். அது அட்டவணையில் இருக்காது. ஆக, எந்தக் கருவியைச் சர்வரில் வைக்கிறோம் என்பது இன்ஜினியர் எடுக்கிற டெக்னிக்கல் முடிவு மாதிரித் தெரிந்தாலும், உண்மையில் அது நிர்வாகக் கொள்கை.

எங்கள் டீமில் பொங்கல் கதைக்குப் பிறகு மூன்று மாற்றங்கள் செய்தோம். டெப்ளாய்மென்ட் எண்ணிக்கை தரும் கருவி, எண்ணோடு சேர்த்து எந்தப் பெயர்களை டெப்ளாய் என்று எண்ணியது, எந்தெந்த ஜாப்களைப் பார்த்தும் எண்ணாமல் விட்டது, கடைசியாக எப்போது தகவல் வந்தது என்பதையும் தரும்படி ஆக்கினோம். விளக்கத்தில், 'எண் திடீரென்று பூஜ்யமானால் காரணம் ஊகிக்காதே, எண்ணாமல் விட்ட ஜாப்களை முதலில் சொல்' என்று ஒரு வரி சேர்த்தோம். அடுத்த முறை வேறு ஒரு ரெப்போவில் இதே பெயர் மாற்றம் நடந்தபோது ஏஜென்ட் முதல் வரியிலேயே அதைச் சுட்டிக்காட்டியது. அதே மாடல்தான், கருவி தரும் தகவலும் விளக்கத்தில் ஒரு வரியும்தான் கூடியிருந்தன.

மூன்றாவது மாற்றம், ஆள்பெயர் எந்தக் கருவியிலும் உள்ளீடாகவோ விடையாகவோ வரக்கூடாது என்பது. ஒரு மாதம் கழித்துப் பக்கத்து டீமின் மேனேஜர் வந்து, தன் ஆட்களை ரிவ்யூ வேகப்படி வரிசைப்படுத்தச் சொல்லி ஏஜென்ட்டிடம் கேட்டார். தனிநபர் விவரம் தரும் கருவி தன்னிடம் இல்லை என்றது அது. டீமின் மொத்த ரிவ்யூ நேரத்தைத் தரவா என்று கேட்டது. அவர் வேண்டாம் என்றார். கிட்ஹப்பிலிருந்து பி.ஆர். பட்டியலை இறக்கி, எக்செல்லில் போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் தானே வரிசைப்படுத்திக்கொண்டார்.